டான்யூப் கரையோரம் ஆறு நண்பர்களின் சைக்கிள் பயணம்: எங்கிருந்து திட்டமிடுவது?

கேள்வி: கும்பகோணத்தையும் அதன் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த நண்பர்கள் ஆறு பேர் நாங்கள். வயது 40 முதல் 58 வரை, இருவர் விவசாயிகள். நான்கு பேர் ஞாயிறுதோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். மற்ற இருவர் எப்போதாவதுதான் ஓட்டுவார்கள், அவர்களில் மூத்தவருக்கு முழங்கால் வலியும் உண்டு. ஜெர்மனியின் பாஸ்ஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றங்கரையில் நான்கு நாட்களில் ஓட்டிவிட நினைக்கிறோம். எந்த மாதம் போகலாம்? சொந்த சைக்கிள்களைக் கொண்டுபோகலாமா?

பதில்: மேட்டையே காணாத டெல்டாக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழியை வெளிநாட்டில் தேடுவது கடினம். ஆறு ஓடும் திசையிலேயே பாதையும் செல்வதால் பெரிய ஏற்றங்கள் இல்லை. அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் காற்றும் முதுகைத் தள்ளும். பல இடங்களில் இரு கரைகளிலும் பாதை உண்டு. கரை மாற வேண்டுமானால் சைக்கிளோடு ஏற்றிக்கொள்ளும் படகுகளும் பாலங்களும் இருக்கின்றன. ஆனால் நான்கு நாள் கணக்கை மட்டும் மாற்றுங்கள். மொத்தத் தூரம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். நான்கால் வகுத்தால் நாளுக்கு 80 வருகிறது, அது உங்களில் நால்வருடைய கணக்கு. குழுவின் வேகத்தை முடிவு செய்பவர்கள் மற்ற இருவர்தான், அதிலும் அவர்களுடைய மூன்றாம் நாள்தான். முதல் நாளை உற்சாகம் ஓட்டிவிடும், இரண்டாம் நாளை ரோஷம் ஓட்டிவிடும். உட்கார்ந்த இடம் புண்ணாகி, மணிக்கட்டு மரத்து, பேச்சே குறைந்துபோகும் மூன்றாம் நாளில் அந்த இருவராலும் சிரமமின்றி ஓட்ட முடிந்த தூரம் எதுவோ, அதையே எல்லா நாட்களுக்கும் அளவாக வையுங்கள். அது சுமார் 50 கிலோமீட்டராக இருக்கும் என்பது என் கணிப்பு. அப்படியானால் ஷ்லோகன், லின்ஸ், கிரைன், மெல்க், கிரெம்ஸ், துல்ன் ஆகிய ஊர்களில் தங்கி ஏழாம் நாள் வியன்னாவை அடையலாம். மெல்கிலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாகாவ் பள்ளத்தாக்கு, யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியமாக அறிவித்த பகுதி. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த அந்த நாளைத் தூரத்தில் குறைத்தே வையுங்கள். யாராவது முற்றிலும் களைத்துவிட்டால், கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு உள்ளூர் ரயிலில் போய்விடலாம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் தேவைப்படலாம்.

சொந்த சைக்கிள் வேண்டாம். அதைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றுவது பெரிய காரியமல்ல. பயணம் தொடங்கும் ஊரும் முடியும் ஊரும் வேறு வேறாக இருக்கும்போது அந்த ஆறு பெட்டிகளை எங்கே போட்டுவைப்பது, திரும்பும் நாளில் புதிய பெட்டிகளுக்கு எங்கே அலைவது என்பதுதான் தீராத தலைவலி. பாஸ்ஸாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் திருப்பிக் கொடுக்கும் வசதி அந்த வழியில் வழக்கமானது. ஒவ்வொருவரின் உயரத்தையும் முன்கூட்டியே எழுதியனுப்பிவிட வேண்டும். பழகிய சீட்டை மட்டும் கழற்றி எடுத்துச் செல்லுங்கள், அதன் அருமை மூன்றாம் நாள் தெரியும். முழங்கால் வலி உள்ளவருக்கு அங்கேயே மின்சைக்கிள் எடுத்துவிடுங்கள். இங்கிருந்து கொண்டுபோக முடியாது, ஏனெனில் விமானப் பயணிகளுக்கு அனுமதிக்கப்படும் 160 வாட்-மணி வரம்பை மின்சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் தாண்டிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடும் என்பதால், அவர் உங்களை விட்டு ஓடிவிடுவார் என்ற கவலையும் வேண்டாம். துணிமணிகளை விடுதிக்கு விடுதி வண்டியில் கொண்டுசேர்க்கும் சேவையும் உண்டு. ஐம்பதைக் கடந்தவர்கள் அதில் சிக்கனம் பார்க்கத் தேவையில்லை.

ஜூலை, ஆகஸ்ட் அங்கே பள்ளி விடுமுறைக் காலம். ஆறு பேருக்கு ஒரே இடத்தில் அறை கிடைப்பது அரிது. செப்டம்பர் இதமானது, ஆனால் உங்கள் விவசாய நண்பர்களுக்குச் சம்பா வேலை காத்திருக்கும். ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறப்பது மரபு என்பதால், அதற்கு முந்தைய மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் அவர்களுக்கும் உகந்தவை. அப்போது அங்கே இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். மழை பலத்தால், கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது நடப்பதைப் போலவே தாழ்வான கரைப்பாதைகள் மூழ்கும். அன்றைக்கு மேட்டுக் கரைக்கு மாறவோ ரயிலேறவோ தயாராக இருங்கள்.

எடுக்க வேண்டியது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பாஸ்ஸாவில் ஓரிரவு, மற்றவை எல்லாம் ஆஸ்திரியாவில் என்பதால் ஆஸ்திரியாவுக்கே விண்ணப்பியுங்கள். வியன்னாவில் இறங்கி ரயிலில் பாஸ்ஸாவ் சென்றால் விமான டிக்கெட்டும் எளிதாகிவிடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பிப்ரவரியிலேயே தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாள் சைக்கிள் பயணத்தில் நேரும் காயம் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தாக வேண்டும். தை அறுவடை ஓய்ந்ததும் ஆறு பேரும் தொடர்ந்து மூன்று நாட்கள் ஓட்டுங்கள்: முதல் நாள் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார், இரண்டாம் நாள் தரங்கம்பாடி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம், மூன்றாம் நாள் திருவாரூர் வழியாக வீடு. நாளுக்கு 50 முதல் 65 கிலோமீட்டர் வரும். முதல் நாள் பிற்பகலில் கடற்காற்று நேர் எதிரே வீசும். சாலையில் காயும் நெல்லுக்கு ஒதுங்கி மெதுவாகவும் போக வேண்டியிருக்கும். இரண்டுமே நல்ல பயிற்சிதான். யார் முன்னால் ஓடுகிறார், யார் சொல்லாமல் வலியை மறைக்கிறார், பஞ்சர் ஒட்ட யாருக்குக் கை வருகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் டான்யூப் கரையில் எப்போதும் கடைசியாக வரட்டும். பாதை பிரியும் இடங்களில் முன்னால் போனவர் நின்று அவரைப் பார்த்த பிறகே நகரட்டும். பொதுச் செலவுக்கு ஒரே பை, ஒரே கணக்குப் பிள்ளை. அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும் என்பதால் காலையில் முதல் திருப்பத்தில் இரட்டைக் கவனம் தேவை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அந்தப் பருவத்தில் வரும் தேவாலய விடுமுறைகளிலும் அப்படியே. சைவ உணவுக்காரர்கள் ரொட்டி, பழம், தயிர் ஆகியவற்றை முந்தைய நாள் மாலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.