வாசகர் கேள்வி – பதில்: பின்னிரவுப் பேச்சும் சிரிப்பும்

சென்ற இதழில் பின்னிரவுத் தொகுப்பாளர் ஜானி கார்சனைப் பற்றிய ஒரு சிறு பதில் இப்பகுதியில் வெளியானது. அதைத் தொடர்ந்து, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சிகளைக் குறித்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களில் இருந்த அன்பைக் கண்டு, இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, எண்பதுகளில் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, ஜானி கார்சன் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வீடியோ கேசட்டாக அனுப்புவான். அமெரிக்கக் கேசட் நம் ஊர் டெக்கில் ஓடாது என்பதால், இரண்டு முறையிலும் ஓடும் டெக் வைத்திருந்த நண்பர் வீட்டில் கூடிப் பார்ப்போம். இப்போது அவற்றையே யூடியூபில் போட்டுக் காட்டினால், “ரொம்ப மெதுவாகப் போகிறதே அப்பா” என்கிறான் என் மகன். எங்களுக்கு அன்று பிடித்தது நிகழ்ச்சியா, எங்கள் இளமையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இளமைக்கும் அதில் பங்கு உண்டு, ஐயா. ஆனால் பெரும்பங்கு அந்த நிகழ்ச்சிக்கே உரியது என்று உறுதியாக நம்புகிறேன். 1954இல் ஸ்டீவ் ஆலன் தொடங்கி, ஜாக் பார் வளர்த்த ‘தி டுநைட் ஷோ’வை 1962 அக்டோபரில் ஏற்ற கார்சன், 1992 மே மாதம் வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் அதை நடத்தினார். முதலில் அன்றைய செய்திகளைத் தொட்டு ஒரு தனியுரை, பிறகு மேசையும் அதன் அருகே விருந்தினர் சோபாவும், பக்கத்தில் அறிவிப்பாளர் எட் மெக்மேகனின் கட்டைக்குரல், டாக் செவரின்சன் தலைமையில் ஒரு முழு இசைக்குழு என்ற அந்த அமைப்பு அவருக்கு முன்பே உருவானதுதான். அதற்குள் அவர் கொண்டுவந்தது நிதானம். 1980இல் ஒரு மணி நேரமாகச் சுருக்கப்படும் வரை நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் ஓடியதால், ஒருவர் சொல்லத் தொடங்கிய கதையைச் சொல்லி முடிக்க இடம் இருந்தது.

உங்கள் மகனுக்கு ஒரு காட்சியை மட்டும் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். 1965இல் எட் ஏம்ஸ் என்ற பாடகர், தாம் நடித்த தொலைக்காட்சித் தொடருக்காகக் கற்றுக்கொண்ட கைக்கோடரி வீச்சைச் செய்து காட்ட வந்தார். பலகையில் வரைந்திருந்த ஒரு கௌபாய் உருவத்தின்மேல் அவர் எறிந்த கோடரி, இரு தொடைகளுக்கும் நடுவே, பிடி மேல்நோக்கி நிமிர்ந்தபடி குத்தி நின்றது. அரங்கம் சிரித்துக் குலுங்கியது. பதறிப்போன ஏம்ஸ் கோடரியைப் பிடுங்கப் போனபோது, கார்சன் அவர் கையைப் பற்றி நிறுத்திக்கொண்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. சிரிப்பு ஏறி, தணிந்து, மீண்டும் ஏறும் வரை காத்திருந்து, அது ஓயப்போகும் தறுவாயில்தான் தம் ஒற்றை வரியைச் சொன்னார். அந்த வரியைவிட, அதற்குமுன் அவர் பேசாமல் இருந்த நேரமே பெரிய கலை என்பேன். நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1981இல் அதே சோபாவில் அமர்ந்து, இறந்துபோன தம் நாயைப் பற்றித் தாமே எழுதிய கவிதையை வாசித்தபோதும் கார்சன் குறுக்கே பேசவில்லை. சிரிப்போடு தொடங்கிய கவிதை முடியும்போது கார்சனின் கண்கள் கலங்கியிருந்ததைக் கேமரா காட்டியது.

இன்றைய துணுக்குக் காணொளிகளில் முதலில் வெட்டப்படுவது இந்த மௌனங்கள்தான். அந்த வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு முழு நிகழ்ச்சி மெதுவாகப் படுவது இயல்பே. துண்டுகளை விட்டுவிட்டு, ஒரு முழு நிகழ்ச்சியை அவனோடு அமர்ந்து பாருங்கள். இருபது நிமிடம் கடந்தால் அவனாகவே உட்கார்ந்துவிடுவான்.

கேள்வி: நான் ஆங்கிலத்திலும் தமிழிலும் மேடை நகைச்சுவை செய்ய முயலும் இளைஞன். கார்சன் தம் சோபாவுக்கு அழைத்தால் ஒருவரின் வாழ்க்கையே மாறிவிடும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு சைகைக்கு அவ்வளவு மதிப்பா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: ஆம், அவ்வளவு மதிப்புதான். புதிய நகைச்சுவையாளர் திரைக்கு முன்வந்து ஐந்தாறு நிமிடம் பேசுவார். கைதட்டல் எழும்போது கார்சன் சிரித்துவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போனால், நன்றாகச் செய்தார் என்று பொருள். மேசையில் இருந்தபடியே கையசைத்துச் சோபாவுக்கு அழைத்தால், நாடறிந்த நகைச்சுவையாளர் ஆகிவிட்டார் என்று பொருள். நம் நாட்டியப் பிள்ளைகளின் அரங்கேற்றத்தில் குருவே எழுந்து வந்து எல்லோர் முன்னிலையிலும் தட்டிக்கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அரங்கில் பல இலட்சம் வீடுகள் இருந்தன என்பதே வேறுபாடு.

1973 டிசம்பரில் ஃப்ரெடி பிரின்ஸ் என்ற 19 வயது இளைஞர், முதல் தோற்றத்திலேயே அந்த அழைப்பைப் பெற்றார். அடுத்த ஆண்டே ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகனாகிவிட்டார். 1977இல், 22 வயதிலேயே அவர் மறைந்துபோனதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. 1986இல் எலன் டிஜெனெரஸ், முதல் தோற்றத்திலேயே சோபாவுக்கு அழைக்கப்பட்ட முதல் பெண் நகைச்சுவையாளர் ஆனார். கடவுளுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதாக அமைந்த அவருடைய அந்த உருப்படியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். மறுமுனையில் இருப்பவரின் பேச்சு முழுவதையும் நம் கற்பனைக்கே விட்டுவிட்டு, இடைவெளிகளாலேயே சிரிக்க வைப்பார்.

இன்று அப்படி ஒரே ஒரு வாசல் இல்லை. நம் மலேசிய நகைச்சுவையாளர் ஹாரித் இஸ்கந்தர் 2016இல் லாஃப் ஃபேக்டரி என்ற அமெரிக்க நகைச்சுவை அரங்கம் நடத்திய உலகளாவிய போட்டியில் வென்றார். ஜொகூர் பாருவில் பிறந்த ரோனி சியெங், 2015இல் ‘தி டெய்லி ஷோ’ என்ற அமெரிக்கச் செய்தி நையாண்டி நிகழ்ச்சியில் சேர்ந்து, பின்னாளில் அதை முறைவைத்து நடத்துவோரில் ஒருவராகவும் ஆனார். வாசல்கள் பெருகியிருப்பது உங்களுக்கு நல்லதே. என்றாலும், ஐந்து நிமிடத்தைச் செதுக்க மாதக்கணக்கில் உழைத்த அந்தத் தலைமுறையின் ஒழுக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி.

கேள்வி: கார்சனை எல்லோரும் புகழ்கிறீர்கள். ஜோன் ரிவர்ஸுக்கு அவர் செய்தது நியாயமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நியாயமில்லை, அம்மா. 1965இல் நகைச்சுவையாளர் ரிவர்ஸ் ‘டுநைட் ஷோ’வுக்கு முதன்முதலாக வந்தபோது, அவர் பெரிய நட்சத்திரமாவார் என்று நிகழ்ச்சியிலேயே சொல்லி உயர்த்தியவர் கார்சன்தான். 1983இல் தாம் விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு நிலையான மாற்றுத் தொகுப்பாளராகவும் அவரை அமர்த்தினார். 1986இல் ரிவர்ஸ் ஃபாக்ஸ் நிறுவனத்தில், கார்சனுக்குப் போட்டியாகத் தம் சொந்தப் பின்னிரவு நிகழ்ச்சியைத் தொடங்கப் போவது தெரிந்ததும், அவருடைய தொலைபேசி அழைப்பைக்கூடக் கார்சன் ஏற்கவில்லை. 2005இல் இறக்கும் வரை பேசவே இல்லை. முன்கூட்டியே தம்மிடம் சொல்லவில்லை என்ற அவர் மனக்குறையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால், அவரிடமிருந்து விலகிச் சென்று தனி நிகழ்ச்சி தொடங்கிய ஆண்களுக்கு இத்தகைய தண்டனை கிடைக்கவில்லை. ‘டுநைட் ஷோ’வின் கதவு ரிவர்ஸுக்கு மறுபடி திறந்தது 2014 பிப்ரவரியில், ஜிம்மி ஃபாலன் பொறுப்பேற்றபோதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் ரிவர்ஸ் காலமானார். ஒரு கலைஞரை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: லெட்டர்மேனா, ஜே லெனோவா? கார்சனுக்கு உண்மையான வாரிசு யார்?
– வாசகர், பங்சார், கோலாலம்பூர்

பதில்: 1992இல் கார்சன் விட்டுச்சென்ற ‘டுநைட் ஷோ’ நாற்காலி லெனோவுக்குக் கிடைத்தது, வாரிசு டேவிட் லெட்டர்மேன் என்பதே என் முடிவு. 1982 பிப்ரவரி முதல் கார்சனுக்கு அடுத்த நேரத்தில் வந்து, ஒட்டும் துணியில் தைத்த உடையணிந்து சுவரில் தாவி ஒட்டிக்கொள்வது போன்ற விசித்திரங்களைச் செய்துகாட்டிய அவர், பதவி கைநழுவியதும் 1993இல் சிபிஎஸ் நிறுவனத்துக்குச் சென்றார். 1994 மே மாதம் கார்சன் அங்கே திடீரென வந்து, லெட்டர்மேனின் மேசையில் அமர்ந்து, நீண்ட கைதட்டலைப் பெற்றுக்கொண்டு, ஏதும் பேசாமல் எழுந்து சென்றார். அதன்பின் கார்சன் தொலைக்காட்சியில் தோன்றவே இல்லை. ஓய்வுக்காலத்தில் அவர் நகைச்சுவைத் துணுக்குகளை எழுதி லெட்டர்மேனுக்கு அனுப்பிவந்தார். 2005 ஜனவரியில் கார்சன் மறைந்த பிறகு ஒளிபரப்பான முதல் புதிய நிகழ்ச்சியில், லெட்டர்மேன் பேசிய தனியுரை முழுவதும் கார்சன் எழுதி அனுப்பியவைதான் என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. இரங்கல் உரைகளில் இதைவிட உயர்ந்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

கேள்வி: அறுபதுகளின் கார்சன் நிகழ்ச்சிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், சில துண்டுகளே கிடைக்கின்றன. மற்றவை எங்கே?
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அக்காலத்தில் வீடியோ நாடா விலை மிகுந்த பொருளாக இருந்ததாலும், பழைய உரையாடல்களை யாரும் மறுபடி பார்க்கப் போவதில்லை என்று நினைத்ததாலும், ஒரு நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவு செய்தார்கள். கார்சனின் முதல் பத்தாண்டுகளில் எஞ்சியவை மிகச் சில. 1972இல் நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவின் பர்பேங்க் நகருக்கு மாறியதற்குப் பிந்தையவையே பெருமளவில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

இதைப் படிக்கும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். நம் நாட்டுத் தமிழ் மேடை நகைச்சுவை, வானொலி நாடகம், பள்ளி ஆண்டு விழாக் கலைநிகழ்ச்சி என்று வீட்டு அலமாரியில் பழைய நாடாக்கள் வைத்திருப்பவர்கள், நம் வெயிலும் ஈரமும் அவற்றில் பூஞ்சணம் ஏற்றுவதற்குள் கணினியில் ஏற்றி வைத்துவிடுங்கள். அந்த நாடாக்களில் உள்ள குரல்கள் பலவற்றுக்கு வேறு பிரதியே இருக்காது.

கேள்வி: தமிழில் ஏன் இப்படியொரு நிகழ்ச்சி வேரூன்றவில்லை? நமக்கு நகைச்சுவையாளர்களுக்குப் பஞ்சமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நகைச்சுவையாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. நந்தனார் கதையின் சாயலில், கல்வியின் அருமையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபத்தைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். பட்டிமன்ற மேடையில் சாலமன் பாப்பையா அவர்கள் நடுவராக அமர்ந்து, பேசுவோர் சிக்கிக்கொள்ளும் நேரத்தில் ஒரு வார்த்தை போட்டு அவர்களைக் காப்பாற்றிவிடும் அழகில், கார்சனிடம் நான் கண்ட அதே பெருந்தன்மையைக் காண்கிறேன். விஜய் தொலைக்காட்சியின் ‘கலக்கப் போவது யாரு’ புதியவர்களுக்கு மேடை தந்தது. ‘காபி வித் அனு’ போன்றவை பிரபலங்களின் உரையாடலைத் தந்தன.

இல்லாமல் போனது ஒன்றுதான்: வாரத்தில் பல இரவுகள், அன்றைய செய்தியை அன்றே தொட்டுப் பேசும் வழக்கம். அதற்கு ஒரு நல்ல தொகுப்பாளர் மட்டும் போதாது. நாள்தோறும் எழுதித் தர ஓர் எழுத்தாளர் குழு வேண்டும், அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். 1988இல் அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கார்சன், லெட்டர்மேன் இருவரின் நிகழ்ச்சிகளும் நின்றுபோய்ப் பழைய பதிவுகளே ஓடின. திரையில் தெரியும் ஒருவருக்குப் பின்னால் எத்தனை பேனாக்கள் இருந்தன என்று நாடே அப்போது அறிந்தது. நம் தொலைக்காட்சிகள் நடிகர்களுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை எழுதுவோருக்குச் செலவிட்டால், கோலாலம்பூரிலிருந்தே ஒரு நல்ல தமிழ்ப் பின்னிரவு நிகழ்ச்சி வரும். வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: ஸ்டீபன் கோல்பேர் நடத்தும் பின்னிரவு நிகழ்ச்சியை நிறுத்துவதாக 2025 ஜூலையில் சிபிஎஸ் அறிவித்ததைப் படித்து வருந்தினேன். இக்கலையின் பொற்காலத்தைக் கல்லூரியில் படிக்கும் என் பேத்திக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். எதில் தொடங்கலாம்?
– வாசகர், கெலுகோர், பினாங்கு

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. லெட்டர்மேன் 1993இல் தொடங்கிய நிகழ்ச்சி அது என்பதால் இழப்பு இரட்டிப்பாகிறது. நிறுவனம் பொருளாதாரக் காரணத்தைச் சொன்னது. விளம்பர வருவாய் இணையத்தின் பக்கம் நகர்ந்துகொண்டிருப்பதும் மறுக்க முடியாதது.

பேத்திக்கு 1992 மே 21 அன்று ஒளிபரப்பான கார்சன் நிகழ்ச்சியை முதலில் காட்டுங்கள். விருந்தினர்கள் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ், பாடகி பெட் மிட்லர் இருவரே. வில்லியம்ஸ் மூச்சுவிடாமல் பாத்திரம் மாறிப் பேசும் வேகத்தையும், பிறகு மிட்லர் பாடி விடைகொடுக்கும்போது கார்சனின் முகத்தையும் அவள் பார்க்கட்டும். மறுநாள் ஒளிபரப்பான கடைசி நிகழ்ச்சியில் விருந்தினர் எவரும் இல்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்து 2001 செப்டம்பர் 17 அன்று, நியூயார்க் தாக்குதலுக்குப் பின் லெட்டர்மேன் முதன்முதலாகத் திரும்பி வந்து பேசியதைக் காட்டுங்கள். சிரிக்க வைப்பவர் சிரிக்க வைக்காமல் பேச வேண்டிய நாளில் எப்படிப் பேசுவார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். இடையில் ஒரு வாரமாவது விட்டு, ஏம்ஸின் கோடரியையும் எலனின் தொலைபேசியையும் பார்க்க விடுங்கள்.