லீவு விட்டாச்சு: பொம்மைக் கடைக்குப் போகும் முன்

கேள்வி: பையனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. முடித்துவிட்டான். நான் வேலைக்குப் போவதால் பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். போனைக் கையில் கொடுத்தால்தான் சத்தமில்லாமல் இருக்கிறான். ஈரோட்டுக்குப் போய் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது வாங்கிவரலாம் என்றிருக்கிறோம். எதை வாங்கினால் லீவு முழுக்க ஓடுமுங்க? மலிவுப் பொம்மையில் கெட்ட சாயம் இருக்கும் என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?
- கோபியிலிருந்து ஒரு வாசகி

பதில்: இரண்டாயிரத்தையும் ஒரே நாளில் செலவழித்துவிடாதீர்கள் அம்மணி. ஐந்து வயசுப் பிள்ளைக்கு எந்தப் பொம்மையும் லீவு முழுக்க ஓடாது. நானே இதில் மாட்டியிருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருந்தபோது 1,400 ரூபாய் போட்டு ரிமோட் கார் வாங்கினேன். முதல் நாள் தெருவே கூடிப் பார்த்தது. மூன்றாம் நாள் சார்ஜ் நிற்கவில்லை. நாலாம் நாள் கார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அந்த வாரம் பக்கத்து வீட்டுக்கு கிரைண்டர் வந்தது. அதன் அட்டைப்பெட்டியை இழுத்து வந்து, ஜன்னல் வெட்டி, காகிதத் தட்டில் ஸ்டியரிங் ஒட்டி, "சத்தி, புளியம்பட்டி, அன்னூர், கோயமுத்தூரேய்" என்று கூவிக்கொண்டு இரண்டு வாரம் பஸ் ஓட்டினான். டிக்கெட் எடுக்காமல் யாரும் சமையலறைக்குள் போக முடியவில்லை.

பட்டனை அமுக்கினால் தானே ஓடி, தானே பாடும் பொம்மையில் பிள்ளைக்கு வேலையே இல்லை. பார்த்து முடித்ததும் அலுத்துவிடும். அவனே ஏதாவது செய்தாக வேண்டிய சாமானாக வாங்குங்கள். பெரிய துண்டுகளாக வரும் கட்டுமான பிளாக், களிமண் அல்லது மாவு மாதிரிப் பிசையும் கிளே, முனை மழுங்கிய கத்தரிக்கோல், கோந்து, கலர் சாக்பீஸ், ஒரு ரப்பர் பந்து. பிளாக் மட்டும் கொஞ்சம் விலை பிடிக்கும், மற்றதெல்லாம் நோட்டுக்கடையிலேயே கிடைக்கும். திருப்பூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் பனியன் கட்டிங் வேஸ்ட் ஒரு பை வாங்கிவரச் சொல்லுங்கள். அந்தக் கலர்த் துணியில் பொம்மைக்குச் சேலை முதல் சாமிக்குத் தோரணம் வரை செய்யலாம். பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து அவன் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று பார்த்து அதற்குத் தக்க வாங்குங்கள். வாங்கியதையும் மொத்தமாகக் கொடுக்காமல் பாதியை அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். அடுத்த வாரம் இறக்கினால் அது புதுச் சாமான்.

கடையில் நிற்கும்போது பிள்ளையை நினைக்கிறோம், பகல் முழுக்கக் கூட இருக்கப்போகிறவரை மறந்துவிடுகிறோம். இருநூறு துண்டு உள்ள புதிர் அட்டையை வாங்கிக் கொடுத்தால், குனிந்து பொறுக்கப்போவது உங்கள் மாமியார். அவருக்கு என்ன தோது என்று முதலில் கேளுங்கள். அவருக்குப் பல்லாங்குழி தெரிந்திருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பலகை கூட வேண்டாம், திண்ணையில் சாக்பீஸால் ஏழேழாகப் பதினாலு வட்டம் போட்டு, குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை வைத்தால் போதும். எண்ணிப் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை. ஒன்று மட்டும்: பழைய பெட்டியில் சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி கிடந்தால் அதை ஆட்டத்துக்கு எடுக்காதீர்கள். கடித்து உள்ளே போனால் அது விஷம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் புளியங்கொட்டையும் கோலிக்குண்டும் கூட ஆபத்துதான்.

இனி சாயம். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வந்தாலும் இதேதான். வெறும் முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண் இருக்கும்: சாதாரணப் பொம்மை என்றால் 9873, கரண்ட் அல்லது பேட்டரியில் ஓடுவது என்றால் 15644. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். போனில், இந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியை இறக்கி, கடையில் நின்றபடியே அந்த எண்ணைப் போடுங்கள். தயாரிப்பாளர் பெயரும் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதும் வரும். அட்டையில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. அதனால் கைவினைக் கடையில் வாங்கும் மரப் பம்பரத்தில் முத்திரை இல்லையென்று பயப்பட வேண்டாம். ஈரத்துணியால் தேய்த்துப் பார்க்கிறார்களே, அதில் சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள். ஒட்டாவிட்டால் சாயத்தில் காரீயம் என்ற விஷ உலோகம் இல்லை என்று அர்த்தமில்லை.

முத்திரை இருந்தாலும் மூன்று பொருளை வீட்டுக்குள் விடுவதற்கு முன் யோசியுங்கள். ஒன்று, பட்டன் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடிக்கு ஸ்குரு இல்லாத பொம்மையே வேண்டாம். இரண்டு, சின்னச் சின்னக் காந்த உருண்டைகள். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து நடுவில் உள்ள சதையை நசுக்கும். மூன்று, தண்ணீரில் போட்டால் உப்பும் வண்ண மணிகள். வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் உப்பும்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. 15 நாள் கோடை முகாமுக்கு 4,500 ரூபாய் கட்டினோம். நோட்டீஸில் நீச்சல், ஓவியம், ரோபோட்டிக்ஸ் என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரே ஹாலில் நாற்பது குழந்தைகள், டி.வி.யில் கார்ட்டூன். மூன்றாம் நாளே நிறுத்திவிட்டோம். பணத்தைக் கேட்டால் ரசீதைக் காட்டுகிறார்கள். 'கட்டிய தொகை திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருக்கிறது.
- திருப்பூரிலிருந்து ஒரு தந்தை

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். உங்கள் மகளுக்குப் பிடிக்கவில்லை என்று நீங்களாக நிறுத்தியிருந்தால் வழக்கு பலவீனம்தான். இங்கே அவர்கள் சொன்னதைச் செய்யவில்லை. குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீதில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும்.

உங்கள் ஆயுதம் அந்த நோட்டீஸ். பழைய பேப்பரோடு போட்டுவிட்டீர்களா? வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். அப்புறம் ஒரு பக்கக் கடிதம். என்ன சொன்னீர்கள், என்ன நடந்தது, எத்தனை நாள் வந்தோம், எவ்வளவு வேண்டும். நியாயமாக, போகாத 12 நாளுக்கான 3,600 ரூபாயைக் கேளுங்கள். முழுசாகக் கேட்டு இழுப்பதைவிட இது சீக்கிரம் முடியும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல முகாம்கள் அந்த நிலையிலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது.

அடுத்த வருடம் எந்த முகாமாக இருந்தாலும் முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் கட்ட முடியுமா என்று கேளுங்கள். நீச்சல் என்றால் குளத்துப் பக்கம் நிற்கும் ஆள் யார், ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். அதற்கு மழுப்புகிறவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள், ஏழு வயது. என் போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தவள் 1,900 ரூபாய்க்கு ஏதோ வைரம் வாங்கிவிட்டாள். ரகசிய எண் எப்படித் தெரியும் என்றால், "அப்புச்சி, உங்க டிவிஎஸ் வண்டி நம்பர்தானே" என்கிறாள். பணம் வருமா?
- பொள்ளாச்சியிலிருந்து ஒரு அப்புச்சி

பதில்: பேத்தி கெட்டிக்காரி. 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுள் ப்ளே ஸ்டோரில் உங்கள் ஆர்டர் பட்டியலுக்குப் போய், குழந்தை தெரியாமல் வாங்கியது என்று சொல்லி ரீஃபண்ட் கேளுங்கள். கிடைக்க வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. அந்த நேரம் தாண்டியிருந்தால் கேம் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். வங்கியை நம்பிப் பயனில்லை, சரியான ரகசிய எண் போட்டுப் போன பணத்தை உங்கள் சம்மதத்தோடு போனதாகவே எடுத்துக்கொள்வார்கள். எண்ணை இன்றே மாற்றுங்கள், கார் நம்பருக்கு மாற்றாதீர்கள். ப்ளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படியும் வைத்துவிடுங்கள். மற்றபடி தோப்பில் தென்னை ஓலை இருக்குமே? பீப்பியும் காத்தாடியும் செய்யத் தெரிந்த கை உங்களுடையதாகத்தான் இருக்கும்.

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். வெளித் தண்ணீர் கொண்டுபோக விடவில்லை. உள்ளே 20 ரூபாய் பாட்டில் 40 ரூபாய். கேட்டால் 'இங்கே இதுதான் ரேட்' என்கிறார்கள். வெயிலுக்குச் செலவில்லாத இடம் வேறு உண்டா?
- கரூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும் ஓட்டல்களுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்க உச்சநீதிமன்றம் 2017-இல் விலக்குக் கொடுத்தது. பூங்காவுக்குள் இருக்கும் பெட்டிக்கடை அந்தக் கணக்கில் வராது, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக் கூடாது. பாட்டிலிலேயே 40 என்று அச்சடித்து, அதே தண்ணீர் வெளியே 20 என்று விற்றாலும் தவறு. ஒரே பொருளுக்கு இரண்டு எம்.ஆர்.பி. போடுவது 2018 ஜனவரியிலிருந்து தடை. தமிழ்நாட்டில் எடையளவு, அச்சிட்ட விலை விவகாரமெல்லாம் தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. மனுவை உங்கள் ஊர்த் துறைக்கல்ல, பூங்கா இருக்கும் மாவட்டத்தின் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

இடம் கேட்டீர்கள். கோவைக்கு வந்தால் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும், கொடிசியா கண்காட்சி வளாகம் பக்கம் மண்டல அறிவியல் மையமும் நிழலான இடங்கள். திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அந்தத் தண்ணீர்க் கடையில் பில் தந்திருக்க மாட்டார்கள். பாட்டிலில் விலை தெரிகிற மாதிரி ஒரு படமும், யு.பி.ஐ.யில் 40 ரூபாய் போனதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால் மனுவோடு வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.