தட்டான் கணக்கெடுப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மாதம் ஒருமுறை தட்டான் எண்ணுகிறோம். சேர விரும்புகிறவர்கள் கேட்டவை இவை.

அக்கா, தட்டான் எது, ஊசித்தட்டான் எது?
உட்காரும்போது பாருங்கள். தட்டான் சிறகை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின்மேல் மடக்கிக்கொள்ளும்; கண் இரண்டும் விலகி நிற்கும். பாரிட் (வடிகால்) ஓரப் புல்லில் செங்காவிச் சிறகோடு, நுனி மட்டும் கண்ணாடியாக ஒன்று உட்கார்ந்திருக்கும். அது நியூரோதெமிஸ் ஃப்ளக்சுவான்ஸ் என்ற தட்டான் இனத்தின் ஆண். பெண்ணுக்குப் பெரும்பாலும் நிறமற்ற சிறகு. இரண்டு இனம் என்று எழுதிவிடாதீர்கள்.

எத்தனை மணிக்கு?
வெயில் ஏறியபின், 9 முதல் 12 வரை. பாரிட்டில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரலாம்.

கொட்டுமா?
கொடுக்கே கிடையாது.

ஒன்றுமே தென்படாவிட்டால் எழுத வேண்டுமா?
கட்டாயம். பூஜ்யம் என்று எழுதுங்கள். செம்பனை ஓரப் பாரிட் ஒன்றில் புல்லுக்கு மருந்து அடித்தார்கள். அப்புறம் இரண்டு மாதம் அங்கே ஒன்றும் பறக்கவில்லை. எழுத என்ன இருக்கிறது என்று நான் தாளை மடித்து வைத்துவிட்டேன். இன்று அந்த இரண்டு மாதத்தைக் காட்டக் கையில் எதுவும் இல்லை. அதே இடம், அதே நேரம், பூஜ்யமானாலும் எழுதுங்கள்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா? கொட்டாதே?
வரலாம். கொட்டாது, மேலே சொல்லிவிட்டேன். பாரிட்டில் இறங்கவிடாதீர்கள்.

பிள்ளைகள் பிடித்து வாலில் நூல் கட்டினால் என்ன, தங்கச்சி? தோட்டத்து லய வீடுகளில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் விளையாடினோம்.
அண்ணே, அது வால் இல்லை, வயிறு. குடலும் இதயமும் அதற்குள்தான் இருக்கின்றன. மூச்சுத் துளைகளும் அதன் ஓரத்தில்தான்.

கட்டி விட்டபின் பறந்துதானே போனது?
பறந்தது. எங்கே போய் விழுந்தது என்று நாம் யாரும் பார்க்கவில்லையே! தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்து, பலமுறை தோல் உரித்து மேலே வந்த உயிர் அது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அண்ணே, புல் தண்டில் அது விட்டுப்போன கூட்டைக் காட்டுகிறேன். முதுகில் ஒரு பிளவு இருக்கும்; அதிலிருந்து வெள்ளை நூல்போலச் சில இழைகள் தொங்கும். அவை அதன் மூச்சுக்குழாயின் உட்தோல்.