இதர செலவுகள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் உளவியலில் முழுநேர பிஎச்டி செய்கிறேன். மறதிநோய் உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஆறு வாரம் போனில் ஆலோசனை கொடுத்தால் மனச்சோர்வு குறையுமா என்பது என் ஆய்வு. நெட் தகுதித்தேர்வில் தேறினேன், ஆனால் மாத உதவித்தொகை தரும் ஜேஆர்எஃப் வரவில்லை. வயது 31 ஆகிவிட்டதால் இனி அதற்கும் வழியில்லை. ஆய்வுச் செலவுக்காக ஒரு நல்கைக்கு விண்ணப்பித்தேன், நிராகரித்துவிட்டார்கள். என் ஆங்கிலம்தான் காரணமோ? வெளிநாடு உட்பட எங்கெல்லாம் கேட்கலாம்? விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

வழியில்லை என்று யார் சொன்னது? ஜேஆர்எஃப் வயது வரம்பு 30, உங்களைப் போன்ற பெண்களுக்கு அதற்கு மேல் ஐந்தாண்டு தளர்வு. அறிவிப்பை முழுக்கப் படிக்காமல் மாதம் 37,000 ரூபாயைக் கை கழுவியிருக்கிறீர்கள். அடுத்த தேர்வுக்கு இன்றே உட்காருங்கள். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎஸ்எஸ்ஆரின் ஃபெலோஷிப்பில் உளவியலும் உண்டு. ஆனால் நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கையெழுத்துகளுக்கே இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். வெளிநாட்டை விடுங்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அமைப்பான என்எஸ்எஃப் தரும் ஃபெலோஷிப் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். உங்கள் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

கொஞ்ச நாளாகவே மாணவர்களின் பட்ஜெட்டுகளைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். உங்கள் கடைசிப் பக்கம் எழுத வைத்துவிட்டது. ‘பங்கேற்பாளர்கள் 300. பயணம் 1,00,000. கருவிகள் 50,000. இதர செலவுகள் 1,50,000.’ கேட்ட பணத்தில் பாதி ‘இதர’! எந்தக் குழு கொடுக்கும்?

300 எங்கிருந்து வந்தது? எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட ஜிபவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆலோசனை பெறுபவர்கள், பெறாதவர்கள் என இரண்டு குழுக்கள், விளைவின் அளவு (இரு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிது) 0.5, பிழை (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) 5 சதவீதம், திறன் (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம் என்று கொடுத்தால் குழுவுக்கு 64, மொத்தம் 128. ஐந்தில் ஒருவர் பாதியில் நழுவுவார் என்று வைத்தால் 160 பேரைச் சேர்க்க வேண்டும். விளைவு 0.3தான் எதிர்பார்க்கலாம் என்றால் குழுவுக்கே 176. ஆக உங்கள் 300 ஒன்றுக்கு அதிகம், மற்றதற்குப் போதாது. ஆய்வைப் பற்றி நீங்கள் யோசித்தீர்களா இல்லையா என்பதை மதிப்பீட்டாளர் அந்த ஒரு எண்ணில் கண்டுபிடித்துவிடுவார்.

பட்ஜெட் அங்கிருந்துதான் இறங்கி வர வேண்டும். 160 பேர், அளவெடுக்க ஆலோசனைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை, 320 வருகைகள். போக்குவரத்துக்குத் தலா 200 ரூபாய் என்றால் 64,000. சரி, மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் உங்களைப் பார்க்க வந்த நேரத்தில் வீட்டில் அந்த மாமியாரோடு யார் இருப்பது? துணைக்கு ஆள் வைத்தால் அதற்குக் கூலி எந்த வரியில் இருக்கிறது? இதே மனிதர்களைப் பற்றித்தானே ஆய்வு செய்கிறீர்கள்!

கருவிகளும் அப்படியே. மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளான பெக் அளவைக்குப் பதிப்புரிமை உண்டு. படிவங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஜெராக்ஸ் போடக்கூடாது. அதே வேலையைச் செய்யும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இலவசம், அனுமதியும் கேட்க வேண்டாம், தமிழிலும் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அது போதும். தமிழில் இல்லாத அளவையைப் பிடித்தீர்களானால் இரண்டு பேர் மொழிபெயர்க்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும், நிபுணர் குழு ஒப்பிட வேண்டும், பிறகு முப்பது நாற்பது பேரிடம் முன்னோட்டம். சில மாதங்கள் போய்விடும்.

ஜேஆர்எஃப் வந்தாலும் அது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்தான். சமூக அறிவியலில் முதல் இரண்டு வருடம் ஆய்வுச் செலவுக்கான கன்டின்ஜென்சி தொகை ஆண்டுக்கு 10,000. அதனால் முதலில் செலவைக் குறையுங்கள். மருந்து வாங்க நோயாளியை அழைத்துக்கொண்டு அவர்களே ஓபிக்கு வருகிறார்கள். அன்றே அளவெடுத்தால் அந்த 64,000 பெரும்பாலும் மிச்சம், துணை ஆளும் வேண்டாம். அதற்கு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் அனுமதி மட்டும் செல்லாது. முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் ஆய்வைப் பதிந்துவிடுங்கள். சேர்த்த பிறகு போனால் பதிய மாட்டார்கள். கட்டணம் கிடையாது.