ஊருணியக் கேட்டதுக்கு வக்கீல் நோட்டீஸா?

கேள்வி: தேவகோட்டை பக்கம் எங்க ஊரு. ஊருணிய தூர் வாரியாச்சுன்னு போர்டு நிக்குது, ஆனா படித்துறையில கீழ் நாலு படி இன்னமும் சேத்துக்குள்ளதான் கெடக்கு. அத போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டு, "தலைவர் காசத் தின்னுட்டாரு"ன்னு எழுதிட்டேன். அப்ப ஊராட்சித் தலைவரா இருந்தவரு இப்ப வக்கீல் நோட்டீஸ் விட்டு 5 லட்சம் கேக்குறாரு, இல்லாட்டி ஜெயில்தானாம். ஆச்சி சரியா சாப்பிடவே மாட்டேங்குறாக. என்ன செய்ய?

பதில்: ஆச்சிக்கு மொதல்ல தைரியம் சொல்லுங்க தம்பி. வந்தது நோட்டீஸ்தான், இன்னும் கேஸ் ஆகல. அவதூறுக்கு போலீஸ் தானா வந்து கூட்டிட்டுப் போக முடியாது, அவரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல புகார் குடுக்கணும், ஜாமீன் கெடைக்கிற பிரிவுதான், 2024 ஜூலையில இருந்து ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பி.என்.எஸ்.ங்கிற குற்றச் சட்டத்துல 356-ஆம் பிரிவு, அதிகபட்சம் 2 வருஷம். இதுக்குப் போயி ஜெயிலான்னு எனக்கு இன்னமும் மனசு ஆறல, நஷ்டஈட்டோட நிறுத்தியிருக்கலாம், ஆனா 2016ல சுப்ரீம் கோர்ட்டு, அப்ப ஐ.பி.சி.ல இருந்த அவதூறுக் குற்றப்பிரிவு செல்லும்னுட்டாக.

இனி உங்க மெசேஜுக்கு வருவோம். சேத்துல முங்கின படி நீங்க கண்ணால பாத்தது, போட்டோவும் இருக்கு, ஊர்ப் பணத்துல நடந்த வேலையக் கேக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "காசத் தின்னுட்டாரு"ங்கிறது நீங்களா யூகிச்சது. பில்லு எவ்வளவு போட்டாக, கையெழுத்துப் போட்டது யாரு, எதுவும் உங்க கையில இல்லையே? 1994ல நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிருக்கு, பொதுப்பதவில இருக்கவரு தன் பதவி வேலையப் பத்தி எழுதினதுக்கு நஷ்டஈடு கேட்டா, எழுதினவரு நியாயமா விசாரிச்சுத்தான் எழுதினேன்னு காட்டினா போதும், அது நூத்துக்கு நூறு உண்மைன்னு நிரூபிக்கணும்னு இல்ல. கிரிமினல் பக்கம் வந்தா உண்மையா இருக்கணும், பொதுநன்மைக்காகவும் சொல்லிருக்கணும். ரெண்டுக்குமே விசாரிச்சதுக்கு ஆதாரம் வேணும் தம்பி, உங்க கேஸ்ல கொறையிறது அதுதான்.

அதனால அந்த ஒரு வரிய மட்டும் குரூப்புலயே "ஆதாரம் இல்லாம எழுதிட்டேன், வாபஸ் வாங்குறேன்"னு போடுங்க, என்ன வார்த்தைல போடணும்னு ஒரு வக்கீல்ட்ட காமிச்சுக்குங்க, நோட்டீஸுக்கு பதிலும் அவரு மூலமாவே போகட்டும். போட்டோவ அழிக்காதீங்க. 10 ரூபா கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி ஆர்.டி.ஐ.ல, அதான் தகவல் உரிமைச் சட்டத்துல, எஸ்டிமேட்டு, எம் புக்கு (நடந்த வேலைய அளந்து எழுதுற புத்தகம்), பில்லு மூணுக்கும் நகல் கேளுங்க, 30 நாள்ல பதில் வரணும். அதுக்குள்ள ஒரு மழ பேஞ்சா படியே தெரியாது, நாளைக்கே போயி தேதியோட இன்னொரு போட்டோ எடுத்துருங்க, அந்த போர்டும் சேந்து விழுகுற மாதிரி.