லோங்காங்கில் ஊற்றினால் எங்கே போகும்? கேள்வி பதில்

அக்டோபர் பிறந்துவிட்டது. மாலை மழை தொடங்கியதும் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) லோங்காங் என்ற மழைநீர் வடிகால் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். வடிகால் வேலையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. வந்தவற்றுக்கு இங்கே பதில்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்காரர் ஒருவர்: கார் கழுவுகிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் எல்லாம் லோங்காங்கில்தான் விடுகிறோம். ஆற்றுக்குப் போகும் முன் எங்கேயாவது சுத்தம் செய்துவிடுவார்கள்தானே ஐயா?

செய்வதில்லை அம்மா. நம் நாட்டில் கழிவறைக் குழாய் வேறு, மழைநீர் லோங்காங் வேறு. கழிவறைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ செப்டிக் தொட்டிக்கோ போகிறது. லோங்காங் தண்ணீர் நேரே ஓடைக்கு, ஓடையிலிருந்து சிலாங்கூர் ஆற்றுக்கு. நடுவில் குப்பையைத் தடுக்கும் கம்பிவலை ஒன்றிரண்டு இருக்கலாம். சோப்பையும் எண்ணெயையும் அது தடுக்காது. பழைய தாமான்களில் சமையலறைத் தண்ணீரும் இதே லோங்காங்கில்தான் விழுகிறது.

காரைப் புல்தரையில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு மண்ணில் இறங்கினால் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பகுதியை முடித்துவிடும்.

கோயில் கமிட்டியிலிருந்து: திருவிழாவில் பால்குடம் நிறைய வரும். அபிஷேகப் பால் பின்னால் இருக்கும் கால்வாயில் போகிறது. பால் சுத்தமான பொருள், அதனால் என்ன கெடுதல் என்று சிலர் கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

தண்ணீரில் விழுந்த ஒரு பொருளைக் கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு தேவைப்படும் என்று ஒரு கணக்கு உண்டு. பிஓடி என்பார்கள். வீட்டுக் கழிவுநீருக்கு அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம். செம்பனை ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத கழிவுக்கு 25,000 வாக்கில். பாலுக்கு ஏறக்குறைய 100,000. ஆமாம், ஆலைக் கழிவைவிட நான்கு மடங்கு. அந்த ஆலைகூட குளம் குளமாகக் கட்டி, பொதுவாக 100 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் ஆற்றில் விடலாம் என்று 1984இலிருந்தே சட்டம் இருக்கிறது. கோயில் பாலுக்கு அப்படிக் குளம் எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 லிட்டர் பால் கெட்டுத் தீர 10 கிலோ பிராணவாயு வேண்டும். நம் வெயிலுக்கு ஒரு லிட்டர் ஆற்று நீரில் நல்ல நாளிலேயே 8 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயு கரைந்து நிற்காது. அப்படியென்றால் அந்த 100 லிட்டர் பால், பத்து லட்சம் லிட்டருக்கும் மேலான தண்ணீரின் மூச்சை எடுத்துவிடும். ஆற்றுக்குக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கோயில் பின்னாலுள்ள சின்ன ஓடையில் அதற்கு நேரம் இல்லை. திருவிழா முடிந்த மூன்றாம் நாள் வரும் நாற்றத்துக்கு அம்மன் பொறுப்பில்லை.

என்ன செய்யலாம்? கோமுகிக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி வையுங்கள். நிறைந்ததும் தண்ணீர் கலந்து தென்னை, வாழை, செம்பனை அடியில் பரவலாக ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கேயும் நாறும். பக்தர்களிடம் ஆளுக்கு ஒரு சிறு குடம் போதும் என்று குருக்களே சொன்னால் கேட்பார்கள், நாம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். மாலையைப் பிளாஸ்டிக் நூலைப் பிரித்தெடுத்துவிட்டு உரக்குழியில் போடுங்கள். விளக்குக்கு ஊற்றி மிஞ்சிய எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து வையுங்கள்.

வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பி: தாத்தா காலத்தில் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கொசுவுக்கு லோங்காங்கில் எண்ணெய் அடிப்பார்களாம். எங்களிடம் பழைய இஞ்சின் ஆயில் நிறைய இருக்கிறது. ஊற்றலாமா அண்ணே?

வேண்டவே வேண்டாம். அந்தக் கதை உண்மைதான். 1901 வாக்கில் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் மலேரியாவை அடக்க முதலில் சதுப்பு நிலத்தை வடியவைத்தார். பிறகு தோட்டங்களில் கொசுப் புழுவைக் கொல்ல எண்ணெய் தெளிப்பதும் பழக்கமானது. அன்றைய மலேரியாவில் லயத்துக்கு லயம் சாவு விழுந்தது, வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கு உன் தலைவலி டிங்கி (டெங்கு) காய்ச்சல். ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. உன் கடை வாசலில் கிடக்கிற பழைய டயரில் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். டயரைக் கூரைக்குள் தள்ளு, பாதி வேலை முடிந்தது.

இஞ்சின் ஆயிலில் தேய்ந்த உலோகமெல்லாம் கலந்திருக்கும். 2005ஆம் ஆண்டு விதிப்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற எண் போட்ட அபாயக் கழிவு. மூடிய டிரம்மில் சேர்த்து, உரிமம் உள்ள ஆளிடம் கொடு. தரையில் சிந்தினால் மரத்தூள் போட்டுக் கூட்டி எடு. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் அடுத்த நிமிடம் லோங்காங்கில் வானவில் தெரியும்.

இன்னொரு தாமான்வாசி: வீட்டு முன்னால் முழுக்க சிமெண்டு போட்டுவிட்டேன். இப்போது மழை பெய்தால் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது. நகராண்மைக் கழகம் லோங்காங்கைப் பெரிதாக்க வேண்டாமா?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 20க்கு 70 அடி வீட்டு மனை 130 சதுர மீட்டர். ஒரு மாலை மழையில் 50 மில்லிமீட்டர் பெய்வது நமக்குப் புதிதல்ல. ஆக உங்கள் ஒரு வீட்டிலிருந்து 6,500 லிட்டர். 200 வீடும் உங்களைப் போலவே சிமெண்டு பூசினால் 13 லட்சம் லிட்டர், ஒரே மணி நேரத்தில், ஒரே லோங்காங்கில். முன்பு பால்மரக் (ரப்பர்) காடாக இருந்தபோது இதில் நல்ல பங்கு மண்ணிலேயே இறங்கியது.

லோங்காங்கைப் பெரிதாக்கினால் உங்கள் வெள்ளம் கீழே உள்ள கம்பத்துக்கு (கிராமத்துக்கு) போகும், அவ்வளவுதான். இது நான் மட்டும் சொல்வதில்லை. 2001இலிருந்து நடப்பில் இருக்கும் மஸ்மா என்ற மழைநீர் வடிகால் கையேடு இதைத்தான் சொல்கிறது: மழைநீரை விரட்டாதே, விழுந்த இடத்திலேயே பிடித்து மெதுவாக விடு. 2012இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். புது தாமான்களில் வேலி போட்ட குளம் ஒன்று இருக்குமே, அது அழகுக்காக வெட்டியதல்ல.

உங்களுக்குச் செலவு குறைந்த வழி: லோங்காங் ஓரமாக இரண்டு அடி அகலத்துக்குச் சிமெண்டை உடைத்து மண்ணாக்குங்கள். கூரைத் தண்ணீர் அங்கே விழட்டும். கார் நிற்கிற இடத்தில் புல் முளைக்கிற துளைக்கல் பதிக்கலாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: மாணவர்களுக்காக மழைநீர்த் தொட்டி வைத்தோம். டிங்கி வரும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள்.

மூடியும், நுழைகிற குழாயிலும் வழிகிற குழாயிலும் மெல்லிய வலையும் இருந்தால் பயம் வேண்டாம். முட்டை கொசுவாக ஏழெட்டு நாளாவது ஆகும், அதனால் வாரம் ஒருமுறை பாருங்கள். வறண்ட நாட்களுக்குப் பிறகு வரும் முதல் மழையைத் தொட்டியில் விடாதீர்கள். கூரையில் சேர்ந்த அழுக்கெல்லாம் அதில்தான் வரும். செடிக்கும் கழுவவும் மட்டும், குடிக்க வேண்டாம்.

பத்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்: ஓடை ஓரத்து மரங்களுக்கு உரம் போட்டால் பாதி மழையில் போய்விடுகிறது. என்ன செய்வது?

போவது உங்கள் பணம், முதலில் அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் ஏப்ரல், மே ஒரு கனமழைக் காலம், அக்டோபர், நவம்பர் இன்னொன்று. கனமழை வரும் என்று தெரிந்தால் உர மூட்டையைப் பிரிக்காதீர்கள். மண் ஈரமாக இருக்கும்போது, பிரித்துப் பிரித்துக் கொஞ்சமாகப் போடுங்கள். வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குங்கள், சரிவோடு அடுக்கினால் தண்ணீருக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

ஓடை ஐந்து மீட்டருக்குக் குறைவான அகலம் என்றால் இரு பக்கமும் ஐந்து மீட்டர், ஐந்திலிருந்து பத்து என்றால் பத்து மீட்டர் விட்டுவிட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. அந்தப் பட்டையில் உரமும் வேண்டாம், களைமருந்தும் வேண்டாம். மரத்தைச் சுற்றி வட்டமாக மட்டும் மருந்து அடியுங்கள். நடுவில் பெரணியும் புல்லும் இருக்கட்டும், மண்ணைப் பிடித்துக்கொள்வது அவைதான். மருந்து அடிக்கும் பம்ப்பை ஓடையில் கழுவுகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் வயலிலேயே அடித்துவிடுங்கள். பாராகுவாட் என்ற களைமருந்தின் பழைய கேன் எங்காவது மிச்சம் இருந்தால் தொடாதீர்கள், 2020 ஜனவரி முதல் அதற்குத் தடை.

இந்த ஆறு போகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் குடிப்பது சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். அதை எடுத்துச் சுத்தப்படுத்தும் பெரிய நிலையங்கள் நம் ஊர்ப் பக்கம்தான் இருக்கின்றன. இன்னும் கீழே போனால் கம்போங் குவாந்தான் மின்மினிகள். அவற்றின் புழுக்கள் ஆற்றங்கரை ஈரத்தில் நத்தை தின்று வளர்கின்றன. கரை செத்தால் பெரெம்பாங் மரத்தில் வெளிச்சம் இருக்காது, படகுக்காரர்களுக்குப் பிழைப்பும் இருக்காது.

மாடு வளர்ப்பவர்: சாணி இயற்கைதானே?

இயற்கைதான். சாணியும் மூத்திரமும் மழையில் கரைந்து போனால் அமோனியா. அது அதிகமானால் குடிநீர் நிலையத்தில் குளோரின் வேலை செய்யாது, நிலையத்தையே மூடுவார்கள். கொட்டகைக்குக் கூரை போடுங்கள், சாணியை மேட்டில் குவித்து மூடுங்கள். செம்பனைக்காரர் மேலே உரத்துக்கு அழுகிறார், அவரிடம் பேசிப் பாருங்கள்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர்: எண்ணெய்ப் பொறி (கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி) வைத்திருக்கிறோம், ஆனாலும் லோங்காங் அடைக்கிறது.

கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? வாரம் ஒருமுறையாவது மேலே படிந்த கொழுப்பை வாரவேண்டும். வாரியதைப் பின்பக்க லோங்காங்கில் கொட்டுகிற பையனையும் கவனியுங்கள். கொதிநீர் ஊற்றினால் கொழுப்பு உருகிப் பத்தடி தள்ளிப்போய் உறையும், அங்கே அடைக்கும். பொரித்த எண்ணெயைத் தனியாகச் சேர்த்தால் காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் இருக்கிறது, பயோடீசலுக்கு.

பெயர் சொல்ல விரும்பாதவர்: மேட்டில் வீடு கட்டுகிறார்கள். மழை பெய்தால் ஓடை தேநீர் நிறத்தில் ஓடுகிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் கேட்பார்களா?

சாலைக்கு மண் வராமல் துணிவேலி, வண்டல் பிடிக்கும் குளம், லாரி டயர் கழுவும் தொட்டி, வெட்டிய சரிவை மூட புல்லோ தார்ப்பாயோ, இவையெல்லாம் அந்த இடத்தில் இருக்க வேண்டும். முதலில் நகராண்மைக் கழகத்துக்கும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கும் எழுதுங்கள். நிறத்தோடு ரசாயன வாடையும் வந்தால் உடனே சுற்றுச்சூழல் இலாகாவுக்கும், சிலாங்கூரில் லுவாஸ் என்ற நீர் நிர்வாக வாரியத்துக்கும் சொல்லுங்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த வாடைதான் நான்கு நிலையங்களை மூடவைத்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீரை நிறுத்தியது. அதற்குப் பிறகு வாடை என்றால் காது கொடுக்கிறார்கள்.

படம் எடுக்கும்போது மழை பெய்யும் நேரத்திலேயே எடுங்கள். மழை நின்று ஒரு மணி நேரத்தில் ஓடை தெளிந்துவிடும், பிறகு வருகிற அதிகாரி நம்பமாட்டார். வளாகத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய், அதற்கு மேலே தெளிந்த ஓடை, கீழே கலங்கிய ஓடை, மூன்றும் வேண்டும். தேதியும் நேரமும் தெரியட்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எண் இல்லாத புகாரைத் தேடிக் கண்டுபிடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.