மாதா மாதம் கட்டும் பல் திட்டம்: கவுன்டர் அக்காவிடம் கேளுங்கள்

மும்பையில் இருபத்திரண்டு வருடம் பல் கிளினிக் கவுன்டரில் உட்கார்ந்து பில் போட்டவள் நான். டாக்டர் இல்லை. பல்லைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாது, பில்லைப் பார்த்தால் சொல்வேன். மாதாமாதம் பணம் கட்டினால் செக்கப், க்ளீனிங், தள்ளுபடி தருகிறோம் என்று கிளினிக்குகள் விற்கும் திட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

செம்பூரிலிருந்து ஒருவர்: அக்கா, எங்கள் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் குடும்பத் திட்டம் மாதம் 499 ரூபாய் என்கிறார்கள். நான், மனைவி, 5 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஆளுக்கு வருடத்தில் இரண்டு செக்கப், ஒரு க்ளீனிங் இலவசம், மற்றதற்கெல்லாம் 20 சதவீதம் தள்ளுபடி. திட்டம் இல்லாமல் போனால் க்ளீனிங் 1,200, செக்கப் 300. சேரலாமா?

சேர்வதற்கு முன்னால் ஒரு பேனாவை எடுங்கள், தம்பி. 499 என்றால் சின்னதாகத் தெரியும். வருடத்துக்கு 5,988. இப்போது இலவசங்களைப் பார்ப்போம். நான்கு க்ளீனிங், 4,800 என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் க்ளீனிங் தேவைப்படாது. ஆக உங்கள் இருவருக்கு மட்டும் 2,400. செக்கப்பும் அப்படித்தான், க்ளீனிங்குக்குப் போகும் நாளில் பல கிளினிக்குகள் தனியாக ஃபீஸ் வாங்குவதில்லை. பிள்ளைகளின் நான்கு செக்கப்புக்கு 1,200 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,600. மிச்சம் 2,388 ரூபாயை அந்த 20 சதவீதத் தள்ளுபடியில்தான் மீட்க வேண்டும். அதற்கு வருடத்தில் கிட்டத்தட்ட 12,000 ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

கடந்த மூன்று வருடத்தில் க்ளீனிங், செக்கப் தவிர உங்கள் வீட்டில் பல்லுக்கு ஆன செலவு எவ்வளவு? ஜிபே ஹிஸ்டரியில் தேடினாலே கிடைத்துவிடும். வருடத்துக்கு 12,000 பக்கம் வந்திருந்தால் சேருங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் அந்த 499 ரூபாயை மாதா மாதம் தனியாகப் போட்டு வையுங்கள். எந்த கிளினிக்குக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

அதே செம்பூர்க்காரர்: ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப் கட்டாயம் இல்லையா?

எல்லோருக்கும் ஒரே கணக்கு கிடையாது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு 2004-லேயே, வாயின் நிலையைப் பொறுத்துப் பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி வைக்கலாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் இடைவெளி என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். திட்டத்தில் இரண்டு செக்கப் இருக்கிறது என்பதற்காக இரண்டு தேவை என்று ஆகிவிடாது.

முலுண்டிலிருந்து ஒரு தங்கை: இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 6,000, மேலே போடும் உறை, அதாவது கேப், தலா 5,000. இன்றே 3,000 கட்டித் தனிநபர் திட்டத்தில் சேர்ந்தால் 20 சதவீதம் குறையும் என்கிறார் ரிசப்ஷனில் இருக்கும் பெண்.

அந்தப் பெண்ணின் நாற்காலியில் நானும் இருந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். 22,000-க்கு 20 சதவீதம் 4,400, அப்படியானால் 1,400 லாபம். ஆனால் கேப் வெளியே லேபில் செய்து வருவது. பல திட்டங்களில் லேப் சார்ஜுக்குத் தள்ளுபடி கிடையாது, அது விதிமுறைத் தாளின் பின்பக்கத்தில் இருக்கும். ரூட் கெனாலுக்கு மட்டும் என்றால் 2,400தான் குறையும். 3,000 கட்டி 2,400 வாங்குவீர்கள்.

இன்னும் ஒன்று. திட்டத்தைப் பற்றிப் பேசும் முன்பே செலவை எழுதி வாங்குங்கள். எந்தப் பல், என்ன வேலை, கேப் மெட்டல் செராமிக்கா ஜிர்கோனியாவா, எல்லாம் அதில் இருக்கட்டும். அப்புறம், "திட்டம் வேண்டாம், கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். நான் இருந்த இடங்களில் கேட்டவர்களுக்குப் பத்து சதவீதம் குறைத்திருக்கிறோம். கேட்காதவர்களுக்குக் குறைத்ததில்லை.

பாந்திரா அலுவலகம் ஒன்றிலிருந்து: கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும்போது இது எதற்கு?

சாதாரண ஹெல்த் பாலிசியில் பல் வைத்தியம் பெரும்பாலும் வராது. விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் வரும். ஓபிடி கவர், அதாவது ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கும் பணம் தரும் வசதி, இருக்கிறதா, அதில் பல் உண்டா என்று எச்ஆரிடம் கேளுங்கள். இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கிளினிக் திட்டம் இன்சூரன்ஸ் அல்ல, முன்பணம் கட்டி வாங்கும் தள்ளுபடி. கிளினிக் பூட்டிக்கொண்டு போனால் பணமும் போச்சு.

தாராவியிலிருந்து: தோல் பட்டறையில் 18,000 சம்பளம். இந்தத் திட்டமெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

சம்பளச் சீட்டைப் பாருங்கள், அண்ணா. 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், மாதம் 135 ரூபாய். அது பிடிக்கிறார்கள் என்றால் பல்லுக்கும் அங்கேயே போகலாம், இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் பரிந்துரை எழுதி வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய் கேஸ் பேப்பர், அதாவது நோயாளிச் சீட்டு, எடுக்க வேண்டும். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை பார்ப்பார். நாலைந்து தடவை அலைய வேண்டியிருக்கும், அரை நாள் கூலி போகும், அதையும் கணக்கில் சேருங்கள். அப்படியும் மலிவுதான்.

மாட்டுங்காவிலிருந்து: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது, ஈறில் ரத்தம் வருகிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். திட்டம் நிஜமாகவே உதவுவது இவரைப் போன்றவர்களுக்குத்தான். சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றை ஒன்று கிளப்பிவிடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு க்ளீனிங் என்று டாக்டர் சொன்னால், வருடத்துக்கு மூன்று நான்கு க்ளீனிங் தரும் திட்டம் எளிதில் காசை மீட்டுவிடும். ஒன்றே ஒன்று என்றால் வேண்டாம். ஈறுக்கு ஆழமாகச் செய்யும் க்ளீனிங் அதில் அடங்குமா என்றும் கேளுங்கள், சாதாரண க்ளீனிங் மட்டும்தான் என்று பிறகு சொல்வார்கள். இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைக்கும் யோசனை இருந்தால் அதைத் திட்டம் தாங்காது.

அப்பாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸே இல்லை, பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறீர்கள் என்றால், வைத்தியச் செலவை வருமான வரிக் கணக்கில் வருடம் 50,000 வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பில் அவர் பெயரில் இருக்கட்டும்.

டோம்பிவிலியிலிருந்து: பல்லை வரிசைப்படுத்த மாட்டும் அலைனருக்கு மாதம் 4,000 கட்டும் திட்டம் எப்படி?

அது கடன், தம்பி. பெயர்தான் திட்டம். பணம் கொடுப்பது ஃபைனான்ஸ் கம்பெனி என்றால், பாதியில் வைத்தியம் நின்றாலும் தவணை நிற்காது. கையெழுத்துப் போடும் முன் யாரிடம் கடன்படுகிறீர்கள் என்று பாருங்கள்.

சயானிலிருந்து ஒரு மருமகள்: மாமியார் வெற்றிலை, புகையிலை போடுபவர். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, காரம் பட்டால் எரிகிறதாம். எந்தத் திட்டத்தில் சேர்த்தால் நல்லது?

எதிலும் சேர்க்காதீர்கள், அம்மா. அந்த வெள்ளைத் திட்டை முதலில் காட்டுங்கள். வாய் முன்போல் அகலத் திறக்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாயர் பல் கல்லூரியில் வாய் நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. சதை எடுத்துச் சோதிக்கச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். காலை வண்டியிலேயே கூட்டிப் போங்கள், பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.